பெயின்ஸ்ஹில் தோட்டம்: இடிந்த மாதிரி கட்டியதை எப்படிப் பழுது பார்ப்பார்கள்?

கவிதா_சர்பிட்டன்:

வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை சர்ரேயில் காபம் பக்கத்தில் இருக்கிற பெயின்ஸ்ஹில் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். தோட்டம் என்றதும் அம்மா ரோஜாப் பாத்திகளை எதிர்பார்த்து வந்தார். பெரிய புல்வெளி, வளைந்து வளைந்து போகிற ஏரி, வானத்தைத் தொடுகிற மரங்கள், அங்கங்கே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கட்டடங்கள், இவ்வளவுதான் இருந்தது. ஒரு கோயில், ஒரு துருக்கிக் கூடாரம், ஒரு கோபுரம், ஒரு குகை. அம்மாவுக்குக் கால் வலித்தாலும் பிடித்துத்தான் இருந்தது.

சிக்கல் அப்பாவால்தான். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் விரலால் தட்டிப் பார்ப்பார். மேட்டில் கூர்வளைவுகளோடு, கோதிக் என்கிற இடைக்கால ஐரோப்பியப் பாணியில் இருக்கிற கோயிலின் தூணைத் தட்டினார். தூரத்திலிருந்து கல் மாதிரிதான் தெரிந்தது, தட்டினால் மரச் சத்தம். ஏரிக்கரையில் 'இடிந்த மடம்' இருக்கிறதே, அதன் ஓரத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "கல்லு இல்லம்மா, செங்கல்லுக்குப் பூச்சு" என்றார். அறிவிப்புப் பலகையைப் படித்து, அது 1772 வாக்கில் இடிந்த மாதிரியே கட்டப்பட்டது என்று நான் சொன்னதும் நின்றுவிட்டார். "இடிஞ்ச மாதிரி கட்டுனது பிறகு நெசமாவே இடிஞ்சிருக்கும்ல? அப்ப அதை எந்த அளவுக்குச் சரி பண்ணணும்னு எப்படி முடிவு பண்ணுனாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. ஏரிக்கு வாய்க்கால் எங்கே என்று கரையோரமாகவே தேடிக்கொண்டு வந்தார். கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஆறு ஓடுகிறது, ஆனால் ஏரியைவிடத் தாழ்வாக. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

என் பங்குக்கும் ஒரு கேள்வி. அங்கே பாதிக்கு மேல் 'மறுபடி கட்டியது' என்றே எழுதியிருக்கிறது. அப்படியானால் நாங்கள் பார்த்தது பழைய தோட்டமா, புதிய தோட்டமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் இன்னொரு தோட்டத்துக்கும் போகலாம் என்றிருக்கிறோம், அதற்கும் யோசனை இருந்தால் நல்லது.

மூர்த்தி_ரெடிங்:

நீங்கள் பார்த்தது சினிமா செட். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகப் புதிதாகக் கட்டி, பதினெட்டாம் நூற்றாண்டு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அசல் வேண்டுமென்றால் வில்ட்ஷரில் ஸ்டவர்ஹெட் போங்கள். ஹென்ரி ஹோர் என்ற வங்கிக்காரர் உருவாக்கியது. ஒரே குடும்பத்தின் கையில் இருந்து பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு 1946இல் போனது. ஏரி, பாந்தியன் என்கிற ரோமானியப் பாணிக் கோயில், குகை எல்லாம் கைவிடப்படாமல் வந்தவை. அப்பா தட்டினால் கல் சத்தம்தான் கேட்கும்.

ஈரச்சுவர்:

கவிதா, முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த மடத்தில் ஓரத்தைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. எனக்குத் தொழிலே பழைய கட்டடங்களில் ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்று பார்ப்பது. வீடு அங்கிருந்து பஸ் தூரம் என்பதால் பெயின்ஸ்ஹில்லுக்கு அடிக்கடி போகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூர்த்தி சார் 'சினிமா செட்' என்றது பாதி சரி. ஆனால் செட் போட்டது இப்போது தோட்டத்தை நடத்துகிற டிரஸ்ட் இல்லை, முதல் முதலாளியேதான். சார்லஸ் ஹாமில்டன் ஒரு பிரபுவின் ஒன்பதாவது மகன். ஒன்பதாவது மகனுக்கு அப்பன் சொத்தில் என்ன மிஞ்சும் என்று நமக்குத் தெரியாதா? இத்தாலிக்கு இரண்டு முறை போய் வந்தவர், அங்கே பார்த்த ஓவியங்களும் இடிபாடுகளும் மண்டைக்குள் நிறைந்திருந்தன. 1738இல் தொடங்கி இந்த மணல் மேட்டைத் துண்டு துண்டாக வாங்கினார். கையில் காசு இல்லை. நண்பர்களிடம் கடன். அந்த நண்பர்களில் ஒருவர், மூர்த்தி சார் சொன்ன அதே ஹென்ரி ஹோர்! அதாவது ஸ்டவர்ஹெட் முதலாளி கொடுத்த கடனும் பெயின்ஸ்ஹில்லில் இருக்கிறது. கடைசியில் கடன் கழுத்தை நெரித்து, 1773இல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு பாத் நகரத்துக்குப் போய்விட்டார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. காசு குறைவு என்பதால் கட்டடங்களில் அவர் சிக்கனம் பிடித்தார். கோதிக் கோயில் பத்துப் பக்கம் கொண்டது, முழுக்க மரம், கல் நிறத்தில் வண்ணம். மடம் செங்கல், மேலே பூச்சு. அது நிற்கிற இடத்தில் அதற்கு முன் ஹாமில்டன் ஓடும் செங்கல்லும் சுட்டு விற்கப் பார்த்தார், தொழில் எடுபடவில்லை. சூளை இருந்த இடத்தை மறைக்க ஒரு மடம்! ஏரியைப் பார்த்த முகம்தான் அதில் முக்கியம். பின்னால் போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், போகாதீர்கள். துருக்கிக் கூடாரத்துக்கு அந்தக் காலத்தில் நிஜமாகவே கித்தான் போட்டிருந்தார்கள்.

அப்படியானால் பணம் எங்கே போனது? மண்ணிலும் தண்ணீரிலும் மரத்திலும். அப்புறம் பார்வைக் கோட்டில். மேட்டில் ஏறிப் புதர்களுக்கு நடுவே போகும்போது ஏரி இருப்பதே தெரியாது. கோதிக் கோயிலுக்குள் நுழைந்து வளைவுகளுக்கு நடுவே நின்றால்தான் மொத்தப் பள்ளத்தாக்கும் கீழே விரிகிறது. எதிர்க்கரை உச்சியில் கூடாரம் வெள்ளையாகத் தெரியும். அங்கே போய்ச் சேரச் சுற்றி வளைத்து நெடுநேரம் நடக்க வேண்டும், நடுவில் அது காணாமல் போகும், வேறு ஏதாவது முளைக்கும். ஒவ்வொரு கட்டடமும் முதலில் தூரத்தில் ஒரு படம், பிறகு பக்கத்தில் ஒரு இடம், அதன் பிறகு அங்கிருந்து அடுத்ததைப் பார்க்கிற ஜன்னல். தோட்டம் என்று அவர் செய்தது இதைத்தான். மீட்டெடுத்தவர்கள் மீட்டதும் முக்கியமாக இதைத்தான்.

ஹாமில்டனுக்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் தங்கியது. 1948இல் எஸ்டேட்டைக் கூறு போட்டு விற்றார்கள், அதோடு சரி. பன்றிப் பண்ணை வந்தது, மரவியாபாரத்துக்கு வரிசை வரிசையாக மரம் நட்டார்கள், ஏரி தூர்ந்தது, பார்வைக் கோடு எல்லாம் புதரில் மூழ்கியது. கோதிக் கோபுரம் 1973இல் தீப்பிடித்து வெறும் சுவர்க்கூடாக நின்றது. எல்ம்பிரிட்ஜ் உள்ளாட்சி மன்றம் 1980 வாக்கில் 158 ஏக்கரைத் திரும்ப வாங்கி, 1981இல் ஒரு டிரஸ்ட் அமைத்தது. கோதிக் கோயில் 1985இல் எழுந்தது. 1998இல் ஐரோப்பியப் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யூரோப்பா நோஸ்ட்ரா பதக்கம் கிடைத்தது.

இனி அப்பாவின் கேள்வி. எந்த அளவுக்குச் சரி செய்வது? ஹாமில்டன் காலத்திலேயே இந்தத் தோட்டம் பிரபலம். படம் வரைகிறவர்கள் வந்து வந்து வரைந்தார்கள். வில்லியம் கில்பின் வரைந்தார். சுவீடனிலிருந்து வந்த ஃபிரெட்ரிக் மாக்னஸ் பைப்பர் தோட்டத்தின் திட்டப்படத்தையும் குகையின் அமைப்பையும் கணக்காக வரைந்துவிட்டுப் போனார். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேதரீனுக்காக வெட்ஜ்வுட் என்ற பீங்கான் தயாரிப்பாளர் செய்த தட்டுத் தொகுப்பில்கூட பெயின்ஸ்ஹில் காட்சிகள் உண்டு. இவற்றை வைத்தும், தரையைத் தோண்டி அடித்தளம் பார்த்தும், ஹாமில்டன் எந்த அளவுக்கு 'இடித்து' வைத்தாரோ அந்தக் கோடு வரை மடத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வேலை. அதற்கு மேல் கட்டினால் புது மடம், அதற்குக் கீழே விட்டால் வெறும் செங்கல் குவியல்.

ஆனால் எல்லா இடத்திலும் இதே முடிவு இல்லை. ஆற்றுப் பக்கம் ஒரு ரோமானிய வளைவு இருக்கிறதே, 'கல்லறை மண்டபம்' என்பார்கள், அதுவும் இடிபாடாகவே கட்டப்பட்டது. அதன் வளைவின் மேற்பகுதி பின்னாளில் உண்மையாகவே விழுந்துவிட்டது. அதை மறுபடி ஏற்றவில்லை, இரண்டு பக்கத் தூண்களும் நிற்கிறபடி நிற்கின்றன. எனக்கு அதுதான் அந்தத் தோட்டத்திலேயே பிடித்த இடம். போலி இடிபாடு நிஜ இடிபாடாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது.

குகையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1760களில் டிஸ்பரியைச் சேர்ந்த ஜோசஃப் லேன் செய்தது. வெளியே ஓட்டை ஓட்டையாக அரித்த சுண்ணாம்புக் கற்களை அடுக்கி இயற்கைப் பாறை போலக் காட்டியிருப்பார். உள்ளே போனால் விதானம் முழுவதும் பளிங்குக் கூம்புகள் தலைகீழாகத் தொங்கும். ஒரு கூம்புக்குக் கீழே நின்று போன் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். மேலே தெரிவது கால்சைட், ஜிப்சம், குவார்ட்ஸ், ஃபுளோரைட் சில்லுகள், ஒவ்வொன்றும் பட்டை வெளியே தெரிகிற மாதிரி சாய்த்துப் பதித்தது. அதற்குப் பின்னால் சுண்ணாம்புச் சாந்து. அதற்கும் பின்னால் ரீப்பர் மரத்தில் அடித்த கூடு. அவ்வளவுதான், ஒரு தச்சனும் ஒரு கொத்தனும் சேர்ந்த வேலை. ஆனால் கீழே தண்ணீர் நிற்கிறது, ஏரிப் பக்கத் திறப்பு வழியாக வெளிச்சம் தண்ணீரில் பட்டு மேலே ஏறுகிறது, சில்லுகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டுகின்றன. சுவரிலும் தண்ணீர் கசிந்து வழிய விட்டிருக்கிறார்கள். ஈரத்தை விரட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு, ஈரத்தை வேண்டுமென்றே வைத்த கட்டடம் என்றால் ஒரு பயம் கலந்த மரியாதை.

அது விழுந்ததும் ஈரத்தால்தான். போர்க்காலத்தில் கூரையின் ஈயத் தகடு உருவப்பட்டது. ஈயம் போனால் மழை உள்ளே இறங்கும். சுண்ணாம்பு தாங்கும், ரீப்பர் தாங்காது. மரம் மக்கியதும் பெரிய அறையின் விதானம் பளிங்கோடு சேர்ந்து கீழே வந்துவிட்டது. அதைத் திரும்பச் செய்து முடிக்க 2013 ஆனது. அந்த அறையில் நீங்கள் பார்த்த விதானம் புதியது, ஆனால் செய்முறை பழையது: அதே கூடு, அதே சாந்து, கையால் பதித்த அதே வகைச் சில்லுகள்.

ஏரிக்கு வாய்க்கால் அப்பா தேடினால் கிடைக்காது. மோல் ஆறு ஏரியைவிடத் தாழ்வு, அவர் பார்த்தது சரி. ஆற்றின் ஓட்டத்தாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சக்கரத்தால் ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். ஹாமில்டன் காலத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இப்போது நிற்கிற இரும்புச் சக்கரம் 1830களில் பிராமா பட்டறையில் வார்த்தது, குறுக்களவு முப்பது அடிக்கு மேல். ஏறிய தண்ணீர் நேரே ஏரிக்குள் விழாது. பாறைகளுக்கு நடுவே ஒரு சிறு அருவியாக இறங்கி, ஏதோ மலையிலிருந்து வருகிற மாதிரி போய்ச் சேரும். அந்த அருவியும் நடிப்புத்தான்.

ஏரி மொத்தம் 14 ஏக்கர்தான். ஆனால் எங்கே நின்றாலும் முழுசாகத் தெரியாது. ஒரு முனையை ஒரு தீவு மறைக்கும், இன்னொரு முனை பாலத்துக்குப் பின்னால் திரும்பிவிடும். ஏரி இன்னும் எவ்வளவு தூரம் போகிறதோ என்றே மனசு நினைக்கும்.

கவிதா_சர்பிட்டன்:

ரொம்ப நன்றி அண்ணா. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சக்கரத்தை நாங்கள் பார்க்கவே இல்லை, அம்மாவுக்குக் கால் வலித்ததால் குகையோடு திரும்பிவிட்டோம். அப்பாவுக்கு இப்போது அது ஒரு குறை.

அம்மாவின் சந்தேகம் மரங்களைப் பற்றி. ஏரிப் பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான மரம், கிளையெல்லாம் தட்டுத் தட்டாக. அதுவும் ஹாமில்டன் வைத்ததா? அப்புறம் குடிசை மாதிரி ஒன்றுக்கு முன்னால் 'துறவி குடில்' என்று பார்த்ததாகத் தோழி சொன்னாள். இங்கே துறவி எப்படி?

தேன்மொழி_தோட்டம்:

மரக் கேள்விக்கு நான் வருகிறேன். அம்மா பார்த்தது லெபனான் சீடர், நம் தேவதாருவின் இனம். ஐரோப்பாவில் உள்ள மிகப் பெரிய சீடர்களில் ஒன்று என்பார்கள். படம் எடுக்கும்போது அடியில் ஒரு ஆளை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவே தெரியாது. ஆம், ஹாமில்டன் காலத்து நடவுதான்.

ஈரச்சுவர் அண்ணன் கட்டடத்தைப் பற்றி இவ்வளவு எழுதினார், ஆனால் என் கணக்கில் அங்கே அசல் என்றால் இந்த மரங்கள்தான். 1980களில் வேலை தொடங்கியபோது காட்டை வெறுமனே அழிக்கவில்லை. வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணி, எது ஹாமில்டன் காலத்து மரம், எது பின்னால் தானாக முளைத்தது அல்லது வியாபாரத்துக்கு நட்டது என்று பிரித்தார்கள். பழைய மரம் எங்கெங்கே நிற்கிறது என்று தெரிந்தால், இடையில் எங்கே வெட்டவெளி இருந்தது என்பதும் தெரிந்துவிடும். பார்வைக் கோட்டைத் திறக்க அது ஒரு வழி.

ஹாமில்டன் தோட்டப் பைத்தியம். அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவில் ஜான் பார்ட்ரம் என்ற விவசாயி காட்டில் திரிந்து விதை சேர்ப்பார். லண்டனில் பீட்டர் காலின்சன் என்ற துணி வியாபாரி அதை வாங்கி இங்கிலாந்துச் சீமான்களுக்குக் கொடுப்பார். ஒரு பெட்டிக்கு ஐந்து கினி (அந்தக் காலத்துத் தங்க நாணயம்), உள்ளே நூறு வகை போல விதைகள். இன்று நர்சரிக்குப் போய் மக்னோலியா, ரோடோடெண்ட்ரான் என்று சாதாரணமாக வாங்குகிறோம், அன்று அதெல்லாம் கப்பலில் வந்த அதிசயம். பெயின்ஸ்ஹில்லில் உள்ள பார்ட்ரம் செடிகளின் சேகரிப்பு 2006இல் தேசிய சேகரிப்பாக அங்கீகரிக்கப்பட்டது.

கோதிக் கோயிலுக்கு முன்னால் முட்டை வடிவப் புல்வெளி ஒன்று இருக்கும், ஆம்ஃபிதியேட்டர், அதாவது வட்ட அரங்கம், என்று பலகை இருக்கும். அதன் ஓரத்தில் செடிகள் நின்ற விதத்தை அம்மா கவனித்தாரா? குட்டைச் செடி முன்னால், நடுத்தரம் பின்னால், மரம் கடைசியில், படிப்படியாக ஏறும். வீட்டுத் தோட்டத்தில் இன்று எல்லோரும் இப்படித்தான் வைக்கிறோம். அன்று இது புதுசு.

இன்னொன்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்கும். ஹாமில்டன் வாங்கியபோது அந்த இடம் ஒன்றுக்கும் உதவாத புதர் மேடு, புல் முளைக்காது. முதலில் தீ வைத்துப் புதரை எரித்தார். டர்னிப் விதைத்தார். ஆடுகளை விட்டு டர்னிப்பை மேயவைத்தார், ஆட்டுப் புழுக்கை மண்ணில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் புல் விதை. ஆட்டுக்கிடை போடுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு இது விளக்கமே வேண்டாம். நீங்கள் நடந்த அந்தப் பச்சைப் புல்வெளி இப்படி உண்டாக்கியது.

சரிவில் திராட்சைத் தோட்டம் இருந்ததே, அதுவும் உண்டு. பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் ஜெனெஸ்ட் என்பவரை வைத்து நடத்தினார். சிவப்பு ஒயின் கரகரவென்று வந்ததால் அதை விட்டு வெள்ளைக்கு மாறினார். அது நுரைத்துக்கொண்டு வர, ஒயின் தெரிந்தவர்களே ஷாம்பெய்ன் என்று நம்பிக் குடித்தார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பாருங்கள், ஒயினிலும் வேஷம்! இப்போதுள்ள கொடிகள் 1992இல் நட்டவை.

துறவி கதையை அண்ணனே சொல்லட்டும், எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மூர்த்தி_ரெடிங்:

மரம், ஏரி சரி, ஒப்புக்கொள்கிறேன். இருப்பதைக் காப்பாற்றுவது வேறு. ஆனால் ரோமானியரின் ஒயின் தெய்வமான பேக்கஸின் கோயில்? அது தரை மட்டமாகப் போய் எத்தனையோ காலம். உள்ளே நின்ற சிலையே இப்போது கேம்பிரிட்ஜ்ஷரில் ஆங்கிள்சி அபேயில் நிற்கிறது. சிலை வேறு ஊரில், கோயில் இல்லவே இல்லை, இருந்தும் பெரும் பணம் செலவழித்துச் சில ஆண்டுகளுக்கு முன் அதை அடியிலிருந்து எழுப்பினார்கள். கூடாரத்தைக் கண்ணாடி இழையில் செய்தார்கள். இதையும் 'மீட்டது' என்று சொன்னால், நாளை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டலாம். அந்தப் பணத்தில் கல்லறை மண்டபத்து வளைவைக் காப்பாற்றியிருக்கலாம், ஒரு சுவரையாவது பார்த்திருக்கலாம்.

ஈரச்சுவர்:

மூர்த்தி சார், நியாயமான கேள்வி. கட்டடத்தை மட்டும் பார்த்தால் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஒரு பழைய வீட்டில் இல்லாத அறையைப் 'பழைய மாதிரி' கட்டித் தரச் சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அங்கே அந்தக் கோயில் இல்லாமல் நான் நடந்திருக்கிறேன். கோபுரத்திலிருந்து இறங்கி வருகிற பாதை காடு மாதிரி இருட்டாக இருக்கும். நெருக்கமான ஊசியிலை மரங்கள், பாறைப் பள்ளம், அதில் துறவி குடில். ஹாமில்டன் உங்களை வேண்டுமென்றே அந்த இருட்டில் நடக்கவைக்கிறார். அது முடிந்ததும் திறந்த வெளி, வெயில், வெள்ளைக் கோயில், குடியின் தெய்வம். கோயில் இல்லாதபோது இருட்டில் நடந்து வந்து ஒரு வெற்றுப் புல்தரையில் நிற்போம். நடந்த நடைக்கு அர்த்தமே இல்லாமல் இருக்கும். 1786இல் தாமஸ் ஜெஃபர்சனும் ஜான் ஆடம்சும் இந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். இருவரும் பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்கள்தான். ஆடம்சுக்கு பெயின்ஸ்ஹில் மெத்தப் பிடித்துப்போய், தான் பார்த்ததிலேயே மனதைக் கவர்ந்த கலைப்படைப்பு என்கிற அளவுக்கு எழுதினார். ஜெஃபர்சன் வேறு ரகம். என்றும் பசுமையாக இருக்கிற மரம் அதிகம் என்றார், புது முதலாளி கட்டிய வீடு இருக்கிற இடமே சரியில்லை, கட்டடக் கலையும் தப்பு என்றார். குகைக்கு 7000 பவுண்டு செலவாம் என்று குறித்துக்கொண்டார். அத்தனை குறை சொன்னவர் டோரிக் என்கிற கிரேக்கத் தூண் பாணியில் அமைந்த ஒரு கோயிலை மட்டும் அழகு என்று எழுதியிருக்கிறார். அதுதான் நீங்கள் வேண்டாம் என்கிற கோயில்.

கண்ணாடி இழைக் கூடாரத்துக்கு எனக்கு வருத்தமே இல்லை. இங்கிலாந்து மழையில் கித்தான் எத்தனை குளிர்காலம் தாங்கும்? பழைய கூடாரம் அதனால்தான் போனது. தூரத்திலிருந்து பார்க்க வைத்த பொருள், தூரத்திலிருந்து சரியாகத் தெரிகிறது. பக்கத்தில் போய்த் தட்டினால் டொக் என்கிறது, அவ்வளவுதான்.

கல்லறை மண்டபத்தில் மட்டும் உங்களோடு உடன்படமாட்டேன். அதைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

கவிதா, துறவி விஷயம். காட்டில் ஒரு துறவி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவருக்குப் பக்தி கலந்த சோகம் வரும் என்பது அன்றைய சீமான்களின் ஃபேஷன். ஹாமில்டன் ஆள் தேடினார் என்று கதை. நிபந்தனைகள்: ஏழு வருடம் குடிலில் இருக்க வேண்டும், முடி நகம் வெட்டக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது. ஒரு பைபிள், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பாய், ஒரு மணற்கடிகாரம் தருவார்கள். ஏழு வருடம் முடித்தால் 700 பவுண்டு. வந்த ஆள் மூன்று வாரம் தாங்கினார், அப்புறம் உள்ளூர் சாராயக் கடையில் பிடிபட்டார். முழுக்க நடந்ததோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, அந்தப் பகுதியில் எல்லோரும் சொல்கிற கதை இது. இப்போதுள்ள குடிலும் மறுபடி கட்டியதுதான். மரக்கிளைகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரி இருக்கும்.

ராஜன்_ஈஷர்:

அடுத்த வாரத் தோட்டத்துக்கு நான் சொல்கிறேன். ஸ்டவர்ஹெட் அருமைதான், ஆனால் அம்மாவின் காலுக்கு அவ்வளவு தூரப் பயணம் வேண்டாம். பெயின்ஸ்ஹில்லிலிருந்து சில மைலில் ஈஷரில் கிளேர்மாண்ட் இருக்கிறது, நேஷனல் டிரஸ்ட் இடம். ஏரி சின்னது, ஒரு சுற்று சுலபம்.

அங்கே அப்பா பார்க்க வேண்டியது புல்லால் ஆன ஆம்ஃபிதியேட்டர். சார்லஸ் பிரிட்ஜ்மன் என்ற தோட்டக் கலைஞர் 1720களில் செய்தது. ஒரு குன்றின் சரிவை வெட்டி வளைவு வளைவாகப் படிகள், மூன்று ஏக்கர் அளவுக்கு. பின்னாளில் செடி வளர்ந்து முழுக்க மறைந்துபோய், 1970களில் டிரஸ்ட் அதைத் துப்புரவாக்கி வெளியே எடுத்தது. மூர்த்தி அண்ணனுக்கும் ஆட்சேபணை வராது. புதிதாக எதையும் கட்டவில்லை, மேலே இருந்ததை எடுத்தார்கள், கீழே படி இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. 1769இல் அந்த எஸ்டேட்டை வாங்கியவர் ராபர்ட் கிளைவ். ஆம், ஆற்காட்டுக் கோட்டை கிளைவ்தான். இந்தியாவில் சேர்த்த பணம். இருந்த பெரிய வீட்டை இடித்துவிட்டு, அந்தக் காலத்துப் பேர்போன தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனை வைத்து வேறு வீடு கட்டத் தொடங்கினார். 1774இல் இறந்துபோனார், அந்த வீட்டில் வாழக் கொடுத்துவைக்கவில்லை. வீடு தோட்டத்தோடு சேர்ந்தது இல்லை, உள்ளே சாதாரணமாகப் போக முடியாது, தூரத்திலிருந்து தெரியும். நம் ஊர்க்காரர்கள் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

கவிதா_சர்பிட்டன்:

கிளைவ் பேரைக் கேட்டதும் அப்பா கிளேர்மாண்ட் போயே தீர வேண்டும் என்கிறார். எல்லோருக்கும் நன்றி. ஈரச்சுவர் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. சக்கரத்தை மட்டும் பார்க்க நாங்கள் மறுபடி பெயின்ஸ்ஹில் வந்தால், அம்மாவை மேடு ஏறவிடாமல் போக வழி இருக்கிறதா?

ஈரச்சுவர்:

இருக்கிறது. வாசலில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் மேட்டுக்குப் போகாமல் கீழ்ப்பாதையைக் கேளுங்கள், ஏரிக்கரையோடு சமமாகவே போகும். நுழைவிடத்தில் இருப்பவர்கள் வரைபடத்தில் கோடு போட்டுத் தருவார்கள். ஏரியை ஒட்டிக்கொண்டே போனால் தீவு வரும், அதைத் தாண்டிக் கல்லறை மண்டபம், அதற்கு அப்பால் ஆற்றோரமாகச் சக்கரம். குகை எல்லா நேரமும் திறந்திருக்காது, அதையும் பார்ப்பதென்றால் நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சக்கரம் சுற்றுகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், நின்ற சக்கரத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு அடுத்த கேள்வி வந்துவிடும்.